கோடம்பாக்கத்தில் யாரையும் தெரியாது. திரைக்கதை எழுத்தாளர் ஆக முடியுமா?

கேள்வி:

எனக்கு வயது 29. சங்கரன்கோவிலில் ஒரு மருந்துக்கடையில் மருந்தாளுநராக வேலை பார்க்கிறேன். கடை அடைத்து வீட்டுக்கு வந்த பிறகு எழுதுவேன். அப்படி எழுதி இரண்டு முழுநீளத் திரைக்கதைகளை முடித்து வைத்திருக்கிறேன். சினிமாவில் எனக்குத் தெரிந்தவர் ஒருவர்கூட இல்லை. பல தயாரிப்பு நிறுவனங்களுக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். ஒன்றுக்கும் பதில் வரவில்லை. முகநூலில் அறிமுகமான ஒருவர், 15,000 ரூபாய் கட்டினால் ஒரு பெரிய ஹீரோவின் மேனேஜரிடம் கதை சொல்ல ஏற்பாடு செய்வதாகச் சொல்கிறார். கட்டலாமா? வேலையை விட்டுவிட்டுச் சென்னைக்கு வந்தால்தான் வாய்ப்பு கிடைக்குமா? உதவி இயக்குநராகச் சேராமல், எழுத்தாளராக மட்டும் உள்ளே வர வழி உண்டா? கதையை வெளியில் சொன்னால் திருடிவிடுவார்கள் என்கிறார்களே, அது நிஜமா? ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்டில் படித்திருக்க வேண்டுமா?

(பெயர் வெளியிட விரும்பாத வாசகி, தென்காசி மாவட்டம்)

பதில்:

முதலில் அந்தப் பதினைந்தாயிரத்தை முடித்துவிடுவோம். கட்டாதீர்கள். கதை கேட்பதற்குக் காசு வாங்குவது இந்தத் தொழிலில் இல்லாத வழக்கம். கதை பிடித்தால் அவர்கள்தான் உங்களுக்கு அட்வான்ஸ் தர வேண்டும். நடிகர்களின் மேனேஜர்கள் கதை கேட்பது உண்மை. பல இடங்களில் முதலில் கேட்பவரே அவர்தான். அதற்கு அவர் கட்டணம் வசூலிப்பதில்லை. பதிவுக் கட்டணம், மீட்டிங் சார்ஜ் என்று எந்தப் பெயரில் கேட்டாலும் அந்த எண்ணை பிளாக் செய்துவிட்டு எழுத உட்காருங்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டாவது திரைக்கதையின் கதையை முடிவுவரை எழுதியிருந்தீர்கள். அந்தப் பகுதியை இங்கே அச்சிடவில்லை. காரணத்தைக் கதைத் திருட்டு பற்றிச் சொல்லும்போது சொல்கிறேன்.

ஏன் பதில் வரவில்லை?

ஒரு காலத்தில் தமிழ் சினிமாவில் எழுத்தாளர் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தார். பெரிய நிறுவனங்களில் கதை இலாகா என்றே ஒரு பிரிவு இருந்தது. ஏவி.எம். கதை இலாகா, தேவர் பிலிம்ஸ் கதை இலாகா என்று டைட்டிலிலேயே போடுவார்கள். வெளியிலிருந்து கதை வந்தால் உட்கார்ந்து கேட்கவும், கேட்டதைப் பிரித்துக் கோக்கவும் அங்கே ஆள் உண்டு. எழுபது, எண்பதுகளில் இயக்குநரே எழுதும் வழக்கம் ஓங்கியது. ‘கதை, திரைக்கதை, வசனம், இயக்கம்’ என்ற நாலும் ஒரே பெயருக்குமேல் நிற்பது பெருமையானது. கதை இலாகாக்கள் கலைந்தன. அவற்றின் இடத்தில் வேறெதுவும் பெரிதாக வரவில்லை.

அமெரிக்கத் திரைக்கதைப் புத்தகங்களைப் படித்தவர்கள், ஸ்கிரிப்டை எழுதி முடித்தால் எங்கோ அதை விற்கலாம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அங்கே எழுத்தாளருக்கு ஏஜென்ட் இருக்கிறார். வரும் பிரதிகளைப் படித்துக் குறிப்பு எழுத ஸ்டுடியோவில் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார். இங்கே கதையைப் படிப்பதைவிடக் கேட்பதுதான் அதிகம். முன்பின் தெரியாதவரின் மின்னஞ்சலைத் திறக்க இன்னொரு தயக்கமும் உண்டு. நாளைக்கே அதன் சாயலில் ஒரு படம் வெளியானால், ‘நான் அனுப்பியதைப் படித்துவிட்டுத்தான் எடுத்தார்கள்’ என்று வழக்கு வரும். அதனால் திறக்காமலேயே விட்டுவிடுகிறார்கள். உங்களுக்குப் பதில் வராததை வைத்து எழுத்து நன்றாக இல்லை என்று முடிவு கட்டாதீர்கள். அநேகமாக யாரும் அதைப் படிக்கவே இல்லை.

எழுத ஆள் இல்லாதவரைத் தேடுங்கள்

ஊரில் எல்லோரும் கதையை வாங்கும் அதிகாரம் உள்ளவரைத் தேடி அலைகிறார்கள். தயாரிப்பாளர், ஹீரோ, பெயர் பெற்ற இயக்குநர். அந்த வாசலில் கூட்டம் நெரிகிறது. கேமரா இருக்கிறது, எடுக்கத் தெரிகிறது, நடிக்க நண்பர்கள் இருக்கிறார்கள், கதைதான் அமையவில்லை என்று உட்கார்ந்திருப்பவரின் வாசலில் ஒருவரும் இல்லை. நீங்கள் போக வேண்டியது அங்கே.

கலைஞர் தொலைக்காட்சியின் ‘நாளைய இயக்குநர்’ குறும்படப் போட்டி நினைவிருக்கும். கார்த்திக் சுப்பராஜ், நலன் குமரசாமி, பாலாஜி மோகன், ராம்குமார் ஆகியோர் அங்கிருந்து வந்தவர்கள். அவர்களில் சிலரின் படங்கள்: ‘பீட்சா’ 2012, ‘சூது கவ்வும்’ 2013, ‘முண்டாசுப்பட்டி’ 2014. கடைசியாகச் சொன்ன படம் குறும்படமாக இருந்து வளர்ந்ததுதான். வங்கி வேலையில் இருந்த லோகேஷ் கனகராஜ், ‘அவியல்’ (2016) தொகுப்பில் வந்த ஒரு குறும்படத்துக்கு அடுத்து ‘மாநகரம்’ (2017) எடுத்தார். ‘இவர்கள் எல்லாம் இயக்குநர்களாயிற்றே, எனக்கு என்ன?’ என்று கேட்பீர்கள். இவர்கள் முன்னே வந்தபோது, குறும்படக் காலத்தில் உடனிருந்த நடிகர்கள், ஒளிப்பதிவாளர்கள், எடிட்டர்கள் பலரும் கூடவே வந்தார்கள். எழுத்தாளருக்கும் அதே வழி திறந்திருக்கிறது. இன்று பத்து நிமிடப் படம் எடுப்பவருக்கு நாளை இரண்டரை மணி நேரப் படம் அமைந்தால், முதல் தொலைபேசி அழைப்பு ஏற்கெனவே தன்னோடு வேலை செய்தவருக்குத்தான் போகும்.

இவர்களைத் தேட சென்னைக்கு வர வேண்டியதில்லை. பாளையங்கோட்டையிலும் மதுரையிலும் காட்சித் தொடர்பியல் துறை உள்ள கல்லூரிகள் இருக்கின்றன. இறுதியாண்டு மாணவர் குறும்படம் எடுத்தே ஆக வேண்டும். யூடியூபில் உங்கள் மாவட்டத்துக்காரர்கள் எடுத்த குறும்படங்களைத் தேடிப் பாருங்கள். நன்றாக எடுத்து, கதையில் சறுக்கிய படமாகத் தேர்ந்தெடுங்கள். பெயர்ப் பட்டியலைக் கடைசிவரை ஓடவிட்டு இயக்குநரின் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு செய்தி அனுப்புங்கள். ‘சார், ஒரு சான்ஸ் கொடுங்க’ என்பது யார் கண்ணிலும் நிற்காது. இப்படி எழுதிப் பாருங்கள்:

“உங்கள் குறும்படம் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு காட்சியில் அம்மா சில்லறையை எண்ணி முடிக்கும்வரை வெட்டாமல் விட்டிருக்கிறீர்கள். அது பிடித்தது. நான் திரைக்கதை எழுதுகிறேன். பத்து நிமிடக் கதை ஒன்று இருக்கிறது. ஒரே இடம், இரண்டு நடிகர்கள், ஒரு ராத்திரி. இரண்டு பக்கம்தான். அனுப்பட்டுமா?”

இதில் படத்தை ஒழுங்காகப் பார்த்ததற்கு அத்தாட்சி இருக்கிறது. செலவு எவ்வளவு ஆகும் என்று அவர் மனக்கணக்குப் போட விவரம் இருக்கிறது. படிக்க எவ்வளவு நேரமாகும் என்பதும் இருக்கிறது. பத்துப் பேருக்கு அனுப்பினால் இரண்டு பேராவது ‘அனுப்புங்க’ என்பார்கள்.

அந்த இரண்டு பக்கத்தில் என்ன இருக்க வேண்டும்? நீங்கள் நாள் முழுக்க நிற்கும் இடத்தையே எடுத்துக்கொள்வோம். புதியவர்களின் பிரதியில் இப்படி இருக்கும்: ‘வாழ்க்கையே வெறுத்துப்போன ஒரு பெரியவர் மருந்துக்கடைக்கு வருகிறார்.’ வெறுத்துப்போனதைக் கேமரா எப்படி எடுக்கும்? இதையே இப்படி எழுதலாம்:

காட்சி 1 / உள் / இரவு / மருந்துக்கடை

ஷட்டர் பாதி இறங்கியிருக்கிறது. உள்ளே மருந்தாளுநர் கல்லாப் பணத்தை எண்ணுகிறாள். ஷட்டருக்குக் கீழே இரண்டு கால்கள் வந்து நிற்கின்றன. ஒரு காலில் செருப்பு இல்லை.

பெரியவர் (குரல்): தாயி, தூக்க மாத்திரை ஒரு அட்டை.

மருந்தாளுநர்: சீட்டு இருக்கா?

பெரியவர்: வீட்ல இருக்கு.

மருந்தாளுநர்: யாருக்குத் தாத்தா?

பதில் இல்லை. கால்கள் நகரவும் இல்லை. அவள் எண்ணுவதை நிறுத்துகிறாள்.

இங்கே யாரும் மனநிலையைச் சொல்லவில்லை. ஒற்றைச் செருப்பும், வராத பதிலும் சொல்லிவிட்டன. ‘ராத்திரியில் ஷட்டரை எத்தனை நேரம் பாதி மூடி வைக்கலாம், கடைக்காரர் ஒப்புவாரா’ என்று இயக்குநர் யோசிக்க ஆரம்பித்தால், அவர் படம் எடுக்கத் தயாராகிவிட்டார் என்று பொருள். சீட்டு இல்லாமல் எந்த மாத்திரையைக் கேட்பார்கள், எப்படிக் கெஞ்சுவார்கள், எப்படி மிரட்டுவார்கள் என்பதெல்லாம் சென்னையில் ஏசி அறையில் கதை பேசுகிறவருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். உங்கள் முதல் சரக்கு அதுதான்.

உதவி இயக்குநர் ஆகாமல் முடியுமா?

முடியும். வழி கொஞ்சம் சுற்று. தமிழில் இயக்காமல் எழுத்தால் மட்டும் சினிமாவுக்குள் வந்தவர்களில் பெரும்பாலோர் அச்சு வழியாக வந்தவர்கள். சுஜாதா, பாலகுமாரன், ஜெயமோகன், எஸ். ராமகிருஷ்ணன் என்று நீளும் பட்டியலை விடுங்கள். அவர்கள் ஏற்கெனவே பெயர் பெற்றவர்கள். பாஸ்கர் சக்தி சிறுகதை எழுதியவர், பத்திரிகையில் இருந்தவர். ‘வெண்ணிலா கபடிக் குழு’ (2009) வசனம் அவருடையது. அவருடைய கதைதான் ‘அழகர்சாமியின் குதிரை’ (2011). ‘பேட்டை’ நாவலை எழுதிய தமிழ்ப் பிரபா, பா. ரஞ்சித்துடன் சேர்ந்து ‘சார்பட்டா பரம்பரை’ (2021) எழுதினார். கோயம்புத்தூரில் ஆட்டோ ஓட்டிய மு. சந்திரகுமார், தான் போலீஸ் காவலில் பட்டதை ‘லாக்கப்’ என்று புத்தகமாக்கினார். அதுதான் வெற்றிமாறனின் ‘விசாரணை’ ஆகி 2015இல் வெனிஸ் விழாவுக்குப் போனது. உங்களுக்குப் பக்கத்துக் கோவில்பட்டிக்காரர் பூமணி ‘வெக்கை’ எழுதியது 1982இல். அது ‘அசுரன்’ ஆனது 2019இல்.

இவர்களில் யாரும் கதையை மின்னஞ்சலில் அனுப்பி வாய்ப்புக் கேட்டவர்கள் இல்லை. அச்சில் வந்த கதையைப் படித்தவர் தேடி வந்தார். ஆகவே உங்கள் திரைக்கதையில் எது சிறுகதையாக நிற்கும் என்று பாருங்கள். இதழ்களுக்கு அனுப்புங்கள். இயக்குநர்கள் சிறுகதை படிக்கிறார்கள். அவர்களின் உதவியாளர்கள் இன்னும் அதிகம் படிக்கிறார்கள். அச்சில் வந்தால் தேதியோடு உரிமைக்கு ஒரு சாட்சியும் ஆயிற்று.

உதவி இயக்குநர் வழியையும் இளப்பமாக எண்ண வேண்டாம். கே. பாக்யராஜ் ‘16 வயதினிலே’ (1977) படத்தில் பாரதிராஜாவின் உதவியாளர். அடுத்த ஆண்டே ‘சிகப்பு ரோஜாக்கள்’ படத்துக்கு வசனம் எழுதினார். உதவி இயக்குநராகச் சேர்ந்தால் கதை விவாத அறைக்குள் உட்கார இடம் கிடைக்கும். அங்கே ஒரு காட்சியைப் பத்து விதமாக மாற்றி மாற்றிப் பேசுவார்கள். ‘ஹீரோ ஏன் அங்க போறான்?’ என்ற ஒரு கேள்வியில் பாதி நாள் போய்விடும். எழுதத் தெரிந்தவர் என்று அந்த அறையில் ஒருமுறை பெயர் வாங்கிவிட்டால் அடுத்த படத்துக்கும் கூப்பிடுவார்கள். ஆனால் முதல் படத்தில் சம்பளம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. பேட்டாவும் சாப்பாடும் கிடைத்தால் நல்ல கம்பெனி. சென்னை வாடகையைச் சமாளிக்கக் கையில் சேமிப்பு வேண்டும்.

மூன்றாவது வழி, தொலைக்காட்சித் தொடரும் வெப் சீரிஸும். தொடரில் கதை, திரைக்கதை, வசனம் மூன்றுக்கும் பெரும்பாலும் தனித்தனி ஆட்கள். காட்சி வரிசை வந்ததும் வசனம் எழுதுபவர் அன்றன்றைக்கு எழுதித் தந்தாக வேண்டும். மறுநாள் படப்பிடிப்பு காத்திருக்கும். கௌரவம் குறைவு என்று சினிமாக்காரர்கள் சொல்வார்கள். மாதம் தவறாமல் பணம் வருவதும் கெடு தவறாமல் எழுதப் பழகுவதும் அங்கேதான். ‘சுழல்’, ‘விலங்கு’, ‘அயலி’ போன்ற சீரிஸ்கள் வந்த பிறகு நீண்ட கதையைப் பகுதி பகுதியாகப் பிரித்து எழுதத் தெரிந்தவருக்குத் தேவை கூடியிருக்கிறது.

நான்காவது, போட்டிகளும் பயிலரங்குகளும். தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் நடத்தும் திரைக்கதைப் பயிலரங்கில் பட்டை தீட்டப்பட்டதுதான் ‘தி லஞ்ச்பாக்ஸ்’. பிப்லப் கோஸ்வாமி என்ற எழுத்தாளர் 2018இல் சினிஸ்தான் கதைப் போட்டிக்கு அனுப்பிய கதை, நடுவர்களில் ஒருவரான ஆமிர் கான் கண்ணில் பட்டு ‘லாபதா லேடீஸ்’ (2024) ஆனது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்தப் படத்தின் திரைக்கதை, வசனத்தை எழுதியவர் சினேகா தேசாய். கதையை வாங்குகிறவர் வேறொருவரை வைத்து மாற்றி எழுதுவது இந்தத் தொழிலில் சகஜம். அதற்கு மனம் தயாராக இருக்க வேண்டும். இத்தகைய பயிலரங்குகளுக்குக் கதைச் சுருக்கத்தையாவது ஆங்கிலத்தில் தர வேண்டியிருக்கும். அதற்கு ஒரு நண்பரின் உதவியைக் கேட்பதில் வெட்கமில்லை.

வேலையை விடலாமா?

இப்போது வேண்டாம். கே. பாலசந்தர் சென்னையில் அக்கவுண்டன்ட் ஜெனரல் அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டே நாடகம் எழுதினார், எம்.ஜி.ஆர். நடித்த ‘தெய்வத்தாய்’ (1964) படத்துக்கு வசனம் எழுதியதும் அந்தக் காலத்தில்தான். சுஜாதா பெங்களூரில் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் இருந்துகொண்டு சினிமாவுக்கு எழுதினார். கிரேஸி மோகன் பொறியாளராக வேலை பார்த்தபடி மேடைக்கு எழுதியவர். சம்பளம் வருகிறவரால்தான் பிடிக்காத வேலையை மறுக்க முடியும். சொன்ன பணம் வராவிட்டால் எழுந்து வர முடியும்.

அட்வான்ஸ் கைக்கு வந்து, ஒப்பந்தமும் எழுதியான பிறகு வேலையை விடுவதைப் பற்றி யோசியுங்கள். அதுவரை சென்னையை ஒரு நாள் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் மருந்தாளுநர் பதிவு இருக்கிறது. சென்னைக்குப் போனாலும் அந்த வேலை கிடைக்கும். சினிமாவுக்கு வரும் பலருக்கு இந்தப் பாதுகாப்பு இல்லை.

பெண் என்பதால் ஒன்று சேர்த்துச் சொல்கிறேன். கதை சொல்லப் பகலில், அலுவலகத்துக்குப் போங்கள். எங்கே போகிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். ராத்திரி ஹோட்டல் அறையில் கேட்டாக வேண்டிய கதை என்று ஒன்று கிடையாது. அப்படி அழைப்பு வந்தால் ‘நாளைக்குக் காலையில் ஆபீஸில் சொல்கிறேன் சார்’ என்ற பதில் போதும். 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி பத்து அல்லது அதற்கு மேற்பட்டவர்கள் வேலை செய்யும் இடத்தில் பாலியல் புகார்களை விசாரிக்க உள்ளகக் குழு இருக்க வேண்டும். படப்பிடிப்புக் குழுவுக்கும் இது தேவை என்று கேரள உயர் நீதிமன்றம் 2022இல் சொல்லியிருக்கிறது. வேலைக்குச் சேரும்போது ‘குழுவில் யார் யார்?’ என்று கேட்பது உங்கள் உரிமை. ‘சூரரைப் போற்று’ படத்துக்காகச் சிறந்த திரைக்கதைக்கான தேசிய விருதைப் பெற்ற ஷாலினி உஷா நாயர், சுதா கொங்கரா இருவரும் பெண்கள் என்பதையும் வீட்டில் தயங்குகிறவர்களிடம் சொல்லுங்கள்.

கதையைத் திருடுவார்களா?

திருட்டு உண்டு. ஆனால் சட்டம் எதைத் திருட்டு என்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். ஆர்.ஜி. ஆனந்த் என்பவரின் ‘ஹம் ஹிந்துஸ்தானி’ நாடகத்தைத்தான் ‘நியூ டெல்லி’ (1956) என்ற இந்திப் படமாக எடுத்துவிட்டார்கள் என்று ஒரு வழக்கு. பஞ்சாபிக் குடும்பத்துக்கும் தமிழ்க் குடும்பத்துக்கும் நடுவே ஒரு காதல். படத்தில் நாயகி வைஜயந்திமாலா. உச்ச நீதிமன்றம் 1978இல் தீர்ப்பளித்தது: கருவுக்குப் பதிப்புரிமை கிடையாது; அதை விரித்து எழுதிய விதத்துக்குத்தான் உண்டு. நாடக ஆசிரியர் தோற்றார். ஆகவே ‘ஏழைப் பெண் பெரிய மருத்துவமனையை எதிர்க்கிறாள்’ என்ற ஒரு வரியை யாரும் பூட்டி வைக்க முடியாது. காட்சி காட்சியாக விரித்து எழுதியது உங்களுடையது.

உங்கள் கடிதத்தில் இருந்த கதையை அச்சிடாததும் இதனால்தான். அந்தச் சுருக்கம் வெளியே போனால், உங்களிடம் இருப்பதில் சட்டத்தின் காவல் குறைந்த பகுதியைத்தான் ஊருக்குச் சொன்னதாகும். முழுப் பிரதியை முதலில் பதிவு செய்யுங்கள்.

பதிவால் என்ன பயன் என்பதற்கு ‘சர்கார்’ உதாரணம். வருண் ராஜேந்திரன் ‘செங்கோல்’ என்ற கதையை 2007இல் தென்னிந்தியத் திரைப்பட எழுத்தாளர்கள் சங்கத்தில் பதிந்து வைத்திருந்தார். 2018 தீபாவளிக்கு ‘சர்கார்’ வரவிருந்த நேரத்தில், இரண்டு கதைக்கும் ஒற்றுமை இருப்பதாகச் சங்கத்தின் அன்றைய தலைவர் கே. பாக்யராஜ் சொன்னார். வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போய், சமரசமாகி, படத்தின் தொடக்கத்தில் வருண் பெயரைப் போட ஒப்புக்கொண்டார்கள். பதினோரு ஆண்டு முந்தைய பதிவு இல்லாவிட்டால் அவர் பேச்சை யார் கேட்டிருப்பார்கள்?

நீங்கள் செய்ய வேண்டியது: மத்திய அரசின் பதிப்புரிமை அலுவலகத்தில் இணையம் வழியாகப் பதியலாம், இலக்கியப் படைப்புக்குக் கட்டணம் 500 ரூபாய். விண்ணப்பித்ததும் ஓர் எண் தருவார்கள். யாராவது ஆட்சேபிக்கிறார்களா என்று பார்க்க 30 நாள் காத்திருக்கச் சொல்வார்கள். மும்பையில் உள்ள ஸ்கிரீன்ரைட்டர்ஸ் அசோசியேஷனில் உறுப்பினரானால் பிரதியை இணையத்திலேயே பதிந்துகொள்ளலாம். தனக்குத் தானே பதிவுத் தபாலில் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைப்பது பழைய வழக்கம்; அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். யாரிடம், எந்தத் தேதியில் கதை சொன்னீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். சொல்லி முடித்து வீட்டுக்கு வந்ததும், ‘இன்று கதை கேட்டதற்கு நன்றி, சுருக்கத்தை இணைத்திருக்கிறேன்’ என்று ஒரு மின்னஞ்சல் போடுங்கள். மரியாதைக்கு மரியாதை, சாட்சிக்குச் சாட்சி.

கதை விலை போகும் நாளில் இதை நினைவில் வையுங்கள். பதிப்புரிமைச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி உரிமை மாற்றம் எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டு என்றும், எந்தப் பகுதிக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்கு மட்டும் என்றும் கொள்ளப்படும். ஒப்பந்தத்தில் வேறு மாதிரி எழுதப்படாவிட்டால், வாங்கியவர் ஓராண்டுக்குள் பயன்படுத்தாத உரிமை காலாவதியாகும். அதனால்தான் பலரின் ஒப்பந்தத்தில் ‘நிரந்தரமாக, உலகம் முழுவதும்’ என்ற வரி இருக்கும். அந்த வரியைக் கண்டால், தொகையும் அதற்கேற்ப இருக்கிறதா என்று பாருங்கள். பணத்தைத் தவணையாகப் பிரித்து, ஒவ்வொரு தவணைக்கும் ஒரு பிரதியைக் கணக்கு வையுங்கள். டைட்டில் கார்டில் ‘கதை’யா, ‘திரைக்கதை’யா, ‘கதை விவாதம்’ மட்டுமா என்பதை முன்பே எழுதி வாங்குங்கள். படம் முடிந்த பிறகு கேட்டால் அழுகைதான் மிஞ்சும்.

இன்ஸ்டிட்யூட் படிப்பு வேண்டுமா?

கட்டாயமில்லை. தரமணி எம்.ஜி.ஆர். அரசுத் திரைப்பட, தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனமும் புனே திரைப்படக் கல்லூரியும் நல்ல இடங்கள். அங்கே பாடத்தைவிட உடன் படிக்கிறவர்கள் முக்கியம். அவர்கள்தான் பின்னாளில் தொடர்பு ஆகிறார்கள். உங்கள் வயதில், வேலையை விட்டு ஆண்டுக்கணக்கில் போக முடியாவிட்டால் வீட்டிலேயே இதைச் செய்யுங்கள்: சுஜாதாவின் ‘திரைக்கதை எழுதுவது எப்படி?’ படித்துவிட்டு, ‘காக்கா முட்டை’ போன்ற ஒரு படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்து எல்லாக் காட்சிகளையும் வரிசையாக ஒவ்வொரு வரியில் எழுதுங்கள். எந்தக் காட்சியை எடுத்தால் படம் உடைகிறது என்று குறியுங்கள். அதே கேள்வியை உங்கள் பிரதியிடமும் கேளுங்கள். அநேகமாக முதல் பதினைந்து பக்கம் காணாமல் போகும்.

கதை சொல்லவும் பழக வேண்டும்

இங்கே கதையைக் கேட்கிறார்கள் என்றேன். நன்றாக எழுதுகிறவர்கள் பலர் இந்த இடத்தில்தான் கோட்டை விடுகிறார்கள். ஒரே கதையை ஒரு வரியில், ஐந்து நிமிடத்தில், இருபது நிமிடத்தில், இரண்டு மணி நேரத்தில் என்று நாலு அளவில் சொல்லத் தெரிய வேண்டும். கேட்பவர் நடுவில் போன் எடுப்பார். திரும்பி வந்ததும் ‘எங்க விட்டீங்க?’ என்பார். தடுமாறாமல் அதே இடத்தில் பிடிக்க வேண்டும். ‘இன்டர்வெல்ல என்ன?’ என்பது எப்படியும் வரும் கேள்வி. அதற்கு ஒரு காட்சியைச் சொல்லுங்கள், விளக்கம் சொல்லாதீர்கள். ‘சமூகத்துக்கு ஒரு மெசேஜ் இருக்கு சார்’ என்று தொடங்கினால் அறையில் பாதி ஆர்வம் அப்போதே போய்விடும். உங்கள் கடிதத்தில் இருந்த கதைச் சுருக்கமும் அப்படித்தான் தொடங்கியது, அதை மாற்றுங்கள். கடைக்கு வரும் விற்பனைப் பிரதிநிதிகளிடம் சொல்லிப் பழகலாம். அவசரத்தில் இருப்பவரை ஐந்து நிமிடம் நிறுத்தி வைத்துவிட்டால் கதை நிற்கிறது.

அடுத்த ஓராண்டு

முதல் மாதத்தில் இரண்டு திரைக்கதைகளையும் பதிந்துவிடுங்கள். அடுத்த மூன்று மாதத்தில் ஒரே இடத்தில், இரண்டு மூன்று நடிகர்களை வைத்து எடுக்கக்கூடிய பத்து நிமிடக் கதைகள் நாலைந்து எழுதுங்கள். குறும்பட இயக்குநர்களைத் தேடிச் செய்தி அனுப்புங்கள். அதில் ஒன்றாவது படமாக வேண்டும். படமாகும்போது ஒரு நாள் லீவு போட்டுவிட்டுப் படப்பிடிப்பில் நில்லுங்கள். நீங்கள் ஆசையாக எழுதிய வசனத்தை நடிகர் சொல்ல முடியாமல் திணறும்போது கற்றுக்கொள்வதை எந்தப் புத்தகமும் தராது. அதே காலத்தில் ஒரு சிறுகதையாவது இதழ்களுக்குப் போயிருக்கட்டும்.

ஆண்டு முடிவில் உங்களிடம் எடுத்து முடித்த ஒரு குறும்படத்தின் லிங்க்கும், அதில் ‘எழுத்து’ என்று உங்கள் பெயரும் இருக்க வேண்டும். அதற்குப் பிறகு சென்னைக்குச் சொல்லும் செய்தியில் ‘வாய்ப்புத் தாருங்கள்’ என்ற சொல் தேவைப்படாது. லிங்க்கை அனுப்பி, ‘அடுத்தது எழுதிக்கொண்டிருக்கிறேன், கேட்கிறீர்களா?’ என்றால் போதும். முழுநீளத் திரைக்கதை இரண்டையும் அதுவரை எடுத்து வையுங்கள். குறும்படத்தில் வேலை செய்துவிட்டுத் திரும்ப எடுத்துப் படித்தால் எங்கே வெட்ட வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். வெட்டிய பிறகு, அந்தப் புதிய பிரதியையும் மறுபடி பதிவு செய்துவிட்டுத்தான் வெளியே கொடுக்க வேண்டும்.